வாரண்டிச் செலவை எந்த ஆண்டின் கணக்கில் எழுதுவது?

வீட்டு இன்வெர்ட்டர் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பொறுப்பாளர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. விற்கும் ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் அவர்கள் 24 மாத வாரண்டி கொடுக்கிறார்கள். பழுது வரும்போது ஆகும் செலவை அந்தந்த மாதச் செலவாகவே இதுவரை எழுதி வந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு தணிக்கையாளர், இன்னும் யாரும் புகார் சொல்லாத இயந்திரங்களுக்கும் சேர்த்து மார்ச் 31 அன்றே ஒதுக்கீடு, அதாவது பின்னால் வரப்போகும் செலவுக்கான பொறுப்பு, காட்ட வேண்டும் என்கிறார். நடக்காத பழுதுக்கு எப்படிச் செலவு எழுதுவது, எழுதுவதென்றால் எவ்வளவு என்பதே கேள்வி.

தணிக்கையாளர் சொல்வது சரி. பழுதுபார்க்கும் நாளில் பணம் வெளியே போகிறது என்பது உண்மைதான்; ஆனால் அந்தப் பணத்தைச் செலவழித்தே ஆக வேண்டும் என்ற கடமை, வாரண்டி அட்டையில் தேதி போட்டுப் பொருளைக் கொடுத்த நாளிலேயே உங்கள் மீது ஏறிவிட்டது. விற்பனை வருமானத்தை முழுவதுமாக இந்த ஆண்டில் எடுத்துக்கொண்டு, அதே விற்பனையால் வந்த கடமையை அடுத்த இரண்டு ஆண்டுகளின் தலையில் தள்ளிவிட்டால், இந்த ஆண்டின் லாபம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். விற்பனை வளர்ந்துகொண்டே இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. விற்பனை குறையும் ஆண்டில்தான், முன்பு விற்ற பெரிய எண்ணிக்கையின் பழுதுகளெல்லாம் சின்ன வருமானத்தின் மீது வந்து விழும்.

இந்தியாவில் இதற்கான விதி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும் 250 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கும் இந்த் ஏஎஸ் (Ind AS) 37 என்ற கணக்கியல் தரம். உங்களைப் போன்ற மற்ற நிறுவனங்களுக்கு ஏஎஸ் (AS) 29 என்ற தரம். இந்த விஷயத்தில் இரண்டும் கேட்பது ஒன்றையேதான்: நடந்து முடிந்த ஒரு நிகழ்வால் இன்று ஒரு கடமை இருக்க வேண்டும், அதைத் தீர்க்கப் பணமோ பொருளோ வெளியே போவதற்கான வாய்ப்பு, போகாமலிருக்கும் வாய்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும், தொகையை நம்பத்தக்க வகையில் மதிப்பிட முடிய வேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு இன்வெர்ட்டரைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது பழுதாகாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம், அப்படியிருக்க ஒதுக்கீடு எதற்கு என்று கேட்கிறார்கள். ஒரே மாதிரியான கடமைகள் பல இருக்கும்போது அவற்றை ஒரு தொகுதியாகவே பார்க்க வேண்டும் என்று விதியே தெளிவாகச் சொல்கிறது. 20,000 இன்வெர்ட்டர்களில் எது பழுதாகும் என்று யாராலும் சொல்ல முடியாது; சில நூறு பழுதாகும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

சர்வதேசத் தரமான ஐஏஎஸ் 37 இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. விற்ற பொருள்கள் எல்லாவற்றிலும் சிறு குறை இருந்தால் சரிசெய்ய 10 லட்சம் ஆகும், பெரிய குறை இருந்தால் 40 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 75 சதவீதப் பொருள்களில் குறையே இருக்காது, 20 சதவீதத்தில் சிறு குறை, 5 சதவீதத்தில் பெரிய குறை என்பது அனுபவம். அப்படியானால் ஒதுக்கீடு 10 லட்சத்தில் 20 சதவீதமும் 40 லட்சத்தில் 5 சதவீதமும் சேர்ந்து 4 லட்சம்.

நீங்கள் இப்போது பின்பற்றும் முறையைப் பற்றி உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா நிறுவனம் வால்வுகளை இயக்கும் ஆக்சுவேட்டர்களை விற்று வந்தது. 1991-92 மதிப்பீட்டு ஆண்டுக்கு அது விற்றுமுதலில் 1.5 சதவீதம் என்ற கணக்கில் 10,18,800 ரூபாய் ஒதுக்கி, அதில் தேவைப்படாத 5,00,246 ரூபாயைத் திருப்பி எழுதி, மீதி 5,18,554 ரூபாயை வருமான வரியில் கழிவாகக் கேட்டது. நிகழுமா நிகழாதா என்று தெரியாத செலவு என்று வருமான வரித்துறை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 36 மாத வாரண்டியோடு கணினி விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்து, செலவு ஆகும் ஆண்டில் எழுதுவது, வாடிக்கையாளர் கோரிக்கை வைத்த பிறகு ஒதுக்குவது, முன் அனுபவத்தின் அடிப்படையில் விற்றுமுதலில் 2 சதவீதம் ஒதுக்குவது என்ற மூன்று வழிகளை அந்தத் தீர்ப்பு எடைபோடுகிறது. முதல் வழி, பணம் கைமாறும்போது மட்டும் எழுதும் ரொக்க முறைக் கணக்கு ஆகிவிடுகிறது; இரண்டாவது, முழுக் கடமையைக் காட்டுவதில்லை; மூன்றாவதுதான் பொருத்தமானது என்பது நீதிமன்றத்தின் முடிவு. அந்த மூன்றாவது வழிக்கு அது வைத்த நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சதவீதம் பழைய பதிவுகளிலிருந்து வந்திருக்க வேண்டும். மனதில் தோன்றிய ஒரு சதவீதத்தைப் போட்டுவிட்டு இந்தத் தீர்ப்பைக் காட்டினால் வரி அதிகாரியிடம் அது நிற்காது.

இனி எவ்வளவு என்பதற்கு வருகிறேன். நிறைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலை ஒரு சதவீதத்தால் பெருக்கி, அதையே மார்ச் 31 அன்று நிலுவை ஒதுக்கீடாக வைத்துவிடுகின்றன. அது தவறு, ஏனென்றால் ஏப்ரலில் விற்ற இயந்திரத்தின் வாரண்டிக் காலத்தில் பாதி மார்ச்சுக்குள் கழிந்திருக்கும், மார்ச்சில் விற்றதற்கு அது அப்படியே மீதமிருக்கும். உங்கள் புகார்ப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பழுதும் விற்று எத்தனையாவது மாதத்தில் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். 100 இன்வெர்ட்டரில் முதல் 6 மாதத்தில் 2, அடுத்த 6 மாதத்தில் 1, அதற்கடுத்த 6 மாதத்தில் 1, கடைசி 6 மாதத்தில் 2 என மொத்தம் 6 பழுதாகின்றன என்று கொள்வோம். மின்னணுப் பொருள்களில் இந்த வடிவம் வழக்கமானதுதான்: சரியாகப் பற்றவைக்காத இணைப்பு, மோசமான பாகம் போன்ற தயாரிப்புக் குறைகள் தொடக்கத்தில் வெளியே வந்துவிடும், பிறகு கொஞ்ச காலம் அமைதி, அதன்பின் கெப்பாசிட்டர், விசிறி, ரிலே ஆகியவை தேயத் தொடங்கும். ஒரு பழுதைத் தீர்க்க மின்சுற்றுப் பலகைக்கு 900, மெக்கானிக் போய் வர 350, பார்சலுக்கு 150 என 1,400 ரூபாய் ஆகிறது.

ஆண்டில் விற்றது 20,000, ஒன்று 7,000 ரூபாய், ஆக விற்றுமுதல் 14 கோடி. இவற்றில் வாரண்டிக் காலம் முழுதும் வரக்கூடிய பழுது 1,200, செலவு 16,80,000 ரூபாய். அதாவது விற்றுமுதலில் 1.2 சதவீதம். இந்த ஆண்டின் லாபநட்டக் கணக்கில் ஏற வேண்டிய செலவு இதுதான். ஆனால் மார்ச் 31 அன்று நிற்க வேண்டிய நிலுவை வேறு. முதல் அரையாண்டில் 8,000 விற்றிருக்கிறீர்கள். அவற்றின் சராசரி வயது 9 மாதம், வர வேண்டிய 6 சதவீதத்தில் 2.5 வந்துவிட்டது, மீதி 3.5 சதவீதம், 280 பழுது. கோடைக்கு முன் டீலர்கள் சரக்கு எடுப்பதால் இரண்டாம் அரையாண்டில் 12,000. சராசரி வயது 3 மாதம், மீதி 5 சதவீதம், 600 பழுது. ஆக 880 பழுது, 12,32,000 ரூபாய். ஆண்டுக்குள்ளேயே சரிசெய்து முடித்த 320 பழுதுகளுக்குச் செலவான 4,48,000 ரூபாயை இதனோடு கூட்டினால் அதே 16,80,000 வரும். இந்த இரு தொகைகளும் இப்படிப் பொருந்தி வருவதே உங்கள் கணக்கு சரி என்பதற்கான முதல் சோதனை. அரையாண்டுக்குப் பதில் மாதவாரியாகப் பிரித்தால் இன்னும் துல்லியமாகும். கணினித் தாளில் அது பெரிய வேலையும் இல்லை. முதன்முறை செய்யும்போது, முந்தைய ஆண்டு விற்று வாரண்டி இன்னும் முடியாத இயந்திரங்களுக்கான மீதியையும் இதே முறையில் சேர்க்க வேண்டும். மொத்த நிலுவையில் அடுத்த 12 மாதத்துக்குள் செலவாகும் பகுதியைக் குறுகிய காலத்திலும் மற்றதை நீண்ட காலத்திலும் இருப்புநிலைக் குறிப்பில் பிரித்துக் காட்டுங்கள்.

பதிவு எளிது. வாரண்டிச் செலவுக் கணக்கில் பற்று, வாரண்டி ஒதுக்கீட்டுக் கணக்கில் வரவு. பழுது வந்து சரிசெய்யும்போது ஒதுக்கீட்டில் பற்று வைத்து, ரொக்கத்திலோ உதிரிபாகச் சரக்கிலோ வரவு வைக்க வேண்டும். லாபநட்டக் கணக்கை அப்போது தொடக்கூடாது. இதற்காக வங்கியில் தனிப் பணம் போட்டு வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சிறு நிறுவனங்களில் அடிக்கடி நடக்கும் பிழை இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூலப்பொருள் செலவைத் தொடக்க இருப்பு, கொள்முதல், இறுதி இருப்பு ஆகிய மூன்றை வைத்துக் கழித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் இருந்தால், வாரண்டிக்காகக் கிடங்கிலிருந்து எடுத்த பலகைகள் இறுதி இருப்பில் இல்லாததால் தாமாகவே மூலப்பொருள் செலவில் போய்ச் சேர்ந்துவிடும். அதே பலகைகளின் விலை ஒதுக்கீட்டின் வழியாகவும் ஏற்கெனவே செலவாகியிருக்கும். ஒரே செலவு இரண்டு முறை ஏறும். ஒதுக்கீட்டு நிலுவையோ குறையாமல் ஆண்டுதோறும் வீங்கிக்கொண்டே போகும். வாரண்டிக்கு வெளியே போகும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வெளியேற்றுச் சீட்டு போடுவதைத் தவிர இதைத் தடுக்க வேறு வழி இல்லை.

மதிப்பீட்டில் விடுபட்டுப் போகும் செலவுகளும் உண்டு. பாகத்தின் விலையை எல்லோரும் சேர்ப்பார்கள்; மெக்கானிக்கின் பயணப்படி, இரு வழிப் பார்சல் கட்டணம், சர்வீஸ் சென்டருக்குப் பழுது ஒன்றுக்கு இவ்வளவு என்று தரும் தொகை, பெட்டியைத் திறந்தவுடனேயே வேலை செய்யாமல் முழுதாக மாற்றிக் கொடுத்தது ஆகியவை வேறு வேறு கணக்குத் தலைப்புகளில் ஒளிந்திருக்கும். டீலர்கள் பழுதான இயந்திரங்களைச் சேர்த்து வைத்து மாதக் கடைசியில் ஒரேயடியாக அனுப்புவதால், மார்ச் 31 அன்று நடந்து முடிந்தும் உங்களுக்குத் தெரியாத பழுதுகள் எப்போதும் சில இருக்கும். வாரண்டி எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் மார்ச்சில் அனுப்பிய பெட்டி டீலரின் கடையில் ஆகஸ்ட் வரை கிடந்தால், வாடிக்கையாளரின் 24 மாதம் ஆகஸ்ட்டில்தான் தொடங்கும். உங்கள் கடமை அதற்கேற்ப நீளும். ரோட்டார்க் நிறுவனத்தின் வாரண்டி, இயக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இவற்றில் எது முன்னதோ அதுவரை என்று இருந்தது. அப்படி ஒரு வெளிவரம்பு உங்கள் அட்டையில் இல்லையென்றால், கணக்கில் அந்த ஐந்தாறு மாதத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வாரண்டி முடிந்த பிறகும் இரண்டொரு மாதம் தாண்டியிருந்தால் இலவசமாகவே செய்துகொடுப்பது உங்கள் வழக்கம் என்றால் அதையும் சேர்க்க வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டாலும், தொடர்ந்த வழக்கத்தால் வாடிக்கையாளர் மனதில் ஏற்படுத்திய எதிர்பார்ப்பும் கடமைதான் என்று விதி சொல்கிறது.

பலகையில் இருந்த பாகமே மோசம், அதை விற்றவரிடம் நஷ்ட ஈடு வாங்கிவிடுவோம் என்ற நம்பிக்கையில் ஒதுக்கீட்டைக் குறைக்க இடமில்லை. இந்த் ஏஎஸ் 37, ஏஎஸ் 29 இரண்டுமே, அந்தப் பணம் வருவது ஏறக்குறைய உறுதி என்ற நிலையில் மட்டும், அதையும் தனிச் சொத்தாகவே காட்டச் சொல்கின்றன. விற்றவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலொழிய அந்த நிலை வராது. பெரிய நிறுவனங்களில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறோம்: லேப்டாப்களில் பொருத்தப்பட்ட சில சிப்களின் உறையில் பயன்படுத்திய பொருள் பலவீனமாக இருந்ததால் என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில் முடிந்த காலாண்டில் 19.6 கோடி டாலரைத் தன் கணக்கில் ஏற்றியது. பாகம் விற்றவர் தாமாகப் பொறுப்பேற்கும் அப்படியொரு அறிவிப்பு வந்தால் நீங்கள் சொத்தைக் காட்டலாம்.

மதிப்பீடு தவறிப்போனால் என்ன செய்வது என்பது உங்கள் கேள்வியில் இல்லை. ஆனால் நிச்சயம் எழும். புதிய தகவலால் மதிப்பீடு மாறினால் அந்த மாற்றம் முழுவதையும் மாறிய காலத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும், பழைய ஆண்டுகளைத் திருத்தக்கூடாது. மைக்ரோசாஃப்ட் 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியை விற்கத் தொடங்கியது. மூன்று சிவப்பு விளக்குகள் மின்னி நின்றுபோகும் பழுது பெருகியதால், அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை 3 ஆண்டாக நீட்டுவதாக 2007 ஜூலை 5 அன்று அறிவித்து, ஜூன் 30 அன்று முடிந்த நிதியாண்டில் 106 கோடி டாலரை ஒரேயடியாகச் செலவெழுதியது. ஒன்றரை ஆண்டுக்கு மேலாக விற்ற கருவிகளின் சுமை ஒரு காலாண்டில் வந்து இறங்கியது.

ஆண்டு முடிந்து, கணக்கை இறுதி செய்வதற்குள் தகவல் வந்தால் அது முடிந்த ஆண்டையே சேரும். இன்டெல் 2010 கடைசிக் காலாண்டின் முடிவுகளை அறிவித்த சில நாள்களில், 2011 ஜனவரி 31 அன்று, தன் புதிய சிப்செட்டில் ஹார்ட் டிஸ்க் இணைப்புகள் நாளடைவில் பலவீனமாகும் வடிவமைப்புக் குறை இருப்பதாக வெளியிட்டது. மாற்றித் தர 70 கோடி டாலர் ஆகும் என்பது மதிப்பீடு. அந்தச் சிப்செட்களில் ஒரு பகுதி முந்தைய காலாண்டிலேயே தயாராகி அனுப்பப்பட்டிருந்ததால், 67.5 சதவீதம் என ஏற்கெனவே அறிவித்த மொத்த லாப விகிதத்தை ஏறக்குறைய 4 புள்ளி குறைப்பதாகவும் சொன்னது. உங்களுக்கு இதன் பொருள், மே மாதத்தில் தணிக்கை நடக்கும்போது ஏப்ரல், மே மாதப் புகார்களையும் மேசையில் எடுத்து வைக்க வேண்டும் என்பதே.

கையில் இருந்த தகவலையே ஒழுங்காகப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் அது மதிப்பீட்டு மாற்றம் ஆகாது; பிழை ஆகும். இந்த் ஏஎஸ் பின்பற்றும் நிறுவனங்கள் பழைய கணக்குகளைத் திருத்தியே தீர வேண்டும்; ஏஎஸ் பின்பற்றும் உங்களைப் போன்றவர்கள் அதை முந்தைய காலப் பிழை என்று நடப்பு ஆண்டின் லாபநட்டக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். டெல் நிறுவனம் உள் விசாரணைக்குப் பிறகு 2007இல் 2003 முதல் 2006 வரையிலான நிதியாண்டுகளின் கணக்குகளைத் திருத்தி வெளியிட்டபோது, திருத்தப்பட்டவற்றில் வாரண்டிப் பொறுப்பும் ஒன்று. ஒதுக்கீட்டைக் குறைவாக வைப்பது மட்டுமே தவறு என்று நினைக்கிறார்கள். நல்ல ஆண்டில் தேவைக்கு மேல் ஒதுக்கி, மோசமான ஆண்டில் அதைத் திருப்பி எழுதி லாபத்தைத் தூக்கிக் காட்டுவதும் அதே அளவு தவறு, கண்டுபிடிக்கக் கடினமானதும்கூட.

ஆகவே ஒரு நிறுவனத்தின் வாரண்டிக் கணக்கை நம்பலாமா என்று பார்க்க, நான் முதலில் படிப்பது ஒதுக்கீட்டின் ஆண்டு நகர்வைத்தான். ஆப்பிள் நிறுவனம் 2014 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டை 296.7 கோடி டாலர் நிலுவையோடு தொடங்கி, 495.2 கோடி சேர்த்து, 376 கோடி செலவழித்து, 415.9 கோடியில் முடித்தது. 2016இல் சேர்த்தது 358.5 கோடி மட்டுமே, செலவழித்தது 466.3 கோடி, நிலுவை 478 கோடியிலிருந்து 370.2 கோடிக்கு இறங்கியது. விற்றுமுதலோடு ஒப்பிட்டால் சேர்த்த தொகை 2.7 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பொருள்களின் தரம் கூடியிருக்கலாம், பழைய ஒதுக்கீடு மிகையாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டு விற்பனைக்கான ஒதுக்கீடும் பழைய மதிப்பீட்டின் திருத்தமும் ஒரே வரியில் கலந்திருப்பதால் அட்டவணையை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. இந்த் ஏஎஸ் 37 இதைவிட நல்லது: பயன்படுத்திய தொகையையும், பயன்படுத்தாமல் திருப்பி எழுதிய தொகையையும் தனித்தனியாகக் கேட்கிறது. சிறு நிறுவனங்களுக்கு ஏஎஸ் 29 இந்த விவரத்தை வெளியிடுவதில் சலுகை தருகிறது. ஆனாலும் உங்கள் உள் பயன்பாட்டுக்காவது தொடக்க நிலுவை, சேர்த்தது, செலவழித்தது, திருப்பி எழுதியது என்ற நான்கு வரிகளையும் ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். மேலே போட்ட கணக்கின்படி மார்ச் 31க்கு முன் விற்றவற்றில் 880 பழுதுதான் மீதம் என்றால், அவற்றிலிருந்து அடுத்த ஆண்டிலேயே 900 வந்துவிட்டால் சதவீதத்தை உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாம் ஆண்டு வாரண்டியைத் தனியாக விலைக்கு விற்கிறீர்கள் என்றால் அதை இந்த ஒதுக்கீட்டோடு சேர்க்கக்கூடாது. அது ஒரு சேவையின் விற்பனை. அதற்கு 800 ரூபாய் வாங்கினால், அதை முன்பணமாக வைத்து, மூன்றாம் ஆண்டு ஓடும்போது மாதாமாதம் வருமானமாக எடுக்க வேண்டும். அந்த ஆண்டில் வரும் பழுதுச் செலவை அப்போதே எழுதலாம். பெரிய நிறுவனங்கள் 2018 ஏப்ரல் முதல் பின்பற்றும் இந்த் ஏஎஸ் 115 இன்னும் ஒரு படி போகிறது: விலை சொல்லாமல் கொடுத்த வாரண்டியிலும், குறையில்லாத பொருள் என்ற உறுதிக்கு மேல் கூடுதல் சேவை அடங்கியிருந்தால், விற்பனை விலையில் ஒரு பகுதியைப் பிரித்துப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை இலவசமாக வந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பது அந்த வகையைச் சேரும்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக: வாரண்டியில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்காமல் பாகம் மாற்றிக் கொடுப்பதற்குத் தனி வரி இல்லை, அந்தப் பாகத்தை வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த கழிவையும் (உள்ளீட்டு வரி வரவு) திருப்ப வேண்டியதில்லை என்று 2023 ஜூலைச் சுற்றறிக்கை தெளிவாக்கியது, முழுப் பொருளையே மாற்றிக் கொடுப்பதற்கும் அது பொருந்தும் என்று 2024 ஜூன் சுற்றறிக்கை சேர்த்தது.

கடைசியாக, பழைய அனுபவமே இல்லாத புதிய மாடலை என்ன செய்வது? லித்தியம் பேட்டரி வைத்த இன்வெர்ட்டரை முதன்முதலாக விற்கும்போது பழைய மாடலின் 6 சதவீதத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். எந்தெந்தப் பாகங்கள் பழையவை, எவை புதியவை என்று பிரித்து, பழையவற்றுக்கு உங்கள் பதிவேட்டையும், புதியவற்றுக்குச் சோதனைக்கூட முடிவுகளையும் பேட்டரி விற்றவர் தரும் பழுது விகிதத்தையும் வைத்து மதிப்பிடுங்கள். அந்த மதிப்பீட்டை எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தேதியோடு கோப்பில் வையுங்கள். முதல் ஆண்டு முழுதும் அந்த மாடலின் புகார்களைத் தனி ஏட்டில் வரிசை எண், அனுப்பிய தேதி, விற்ற தேதி, புகார் தேதி, மாற்றிய பாகம், ஆன செலவு என்ற ஆறு விவரங்களோடு குறித்து, ஒவ்வொரு காலாண்டிலும் சதவீதத்தைத் திருத்துங்கள். அடுத்த மார்ச்சில் தணிக்கையாளர் கேட்கும்போது கொடுக்க வேண்டியது அந்த ஏட்டைத்தான்.